பள்ளி சாராக் கல்வியும் பெற்றோர் கவனமும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்கவிடலாமா என்னும் வினா, வெளிமாநிலங்களில் வாழும் நம்மவரிடையே இன்று எழுந்துள்ளது. பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு மொழியும் பாடத்திட்டமும் தோழர்களும் அடிக்கடி மாறுவதால், இவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. வகுப்பறையின் பாடநூலையும் தேர்வையும் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைப்பது ஒரு முறை. பிள்ளையின் வினாவும் விருப்பமும் செல்லும் வழியே கல்வியை நடத்துவது மற்றொரு முறை. பின்னதற்கு அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் தனிப்பெயர் வழங்கி, 1977இல் இதழொன்றும் தொடங்கினார். பள்ளி சாராக் கல்வி என நாம் அதனைக் கூறலாம்.

பெயர் புதிதாயினும் செயல் புதிதன்று. 1910இல் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில், கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக் அளித்த நிலத்தில், காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்ட குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. அவர்களுள் தமிழர் பலர். காலையில் பிள்ளைகளுக்குத் தோட்டவேலை. நண்பகல் உணவுக்குப்பின் மிஞ்சினால் மூன்று பாடவேளை. உழைத்த களைப்பில் உறக்கம் வர, ஆசிரியரும் மாணவரும் கண்ணில் நீர் தெளித்துக்கொண்டு படித்தனராம்!

தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்தவர் காந்தியடிகளே. அவர் அறிந்த தமிழோ, கப்பற் பயணத்திலும் சிறையிலும் போப்பையரின் நூலைக்கொண்டு கற்ற சிறிதளவே. பேச்சுத் தமிழில் மாணவர்கள் அவரை எளிதில் வென்றனர். ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைக் காண வந்தால், அம்மாணவர்களே மொழிபெயர்த்தனர். தம் அறியாமையை மறைக்காமையால் வகுப்பு இனிதே நடந்தது என அவர் எழுதியுள்ளார். பிறமொழி மாநிலத்தில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்கத் தமக்குப் புலமை போதாதென்று தயங்கும் பெற்றோர் இதனைக் கருதவேண்டும்.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. தம் புதல்வர்களைப் பள்ளிக்கு அனுப்பாத காந்தியடிகள், அலுவலகம் சென்று திரும்பும் சுமார் 5 மைல் நடையில் அவர்களுடன் உரையாடிக் கற்பிக்க முயன்றார். ஆனால் அது, வழியில் வேறு எவரும் அவர் கவனத்தைக் கோராத நாளில் மட்டுமே நடந்தது. நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் தவறாமல் ஒதுக்க இயலாமற்போனதைத் தம் சுயசரிதையில் அவர் குறிப்பிடுகிறார். முறையான படிப்பை விரும்பிய மூத்த மகன் ஹரிலால், 1911இல் தந்தையைப் பிரிந்து இந்தியா திரும்பினார். கொள்கை எத்துணை உயர்ந்ததாயினும், கவனிக்க நேரமின்றேல் பிள்ளைக்கு மனக்குறையே மிஞ்சும் என்பது நம் கருத்து.

டர்பனுக்கு அருகில் 1904இல் அடிகள் நிறுவிய குடியிருப்பின் பெயர் ஃபீனிக்ஸ். அந்தமானில் உள்ள நம் ஃபீனிக்ஸ் பேக்கும் அதற்கும் பெயரொற்றுமை தவிர வேறு உறவில்லை. எனினும், கவனம் என்பது யாதென விளக்க நம் படகுத்துறையே போதும். "நேற்று இந்நேரம் நீர் இந்தப் படிவரை இருந்ததே, இன்று ஏன் இல்லை?" என்று ஒரு பிள்ளை வினவுவதாகக் கொள்வோம். படகுக்கு நேரமாயிற்று என அதட்டி இழுத்துச் செல்லலாம். சந்திரனின் ஈர்ப்பு பற்றி அங்கேயே நெடிய சொற்பொழிவு நிகழ்த்தலாம். படித்த பெற்றோர்க்கு இந்தச் சபலம் மிகுதி. "நாளையும் இந்நேரம் வந்து பார்ப்போமா?" எனக் கேட்டு, சொன்னபடி மறுநாள் வருவதே மூன்றாவது வழி. இரு நீரேற்றங்களுக்கு இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் கழிவதால், நாள்தோறும் ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளுகிறது. இரண்டு வாரம் குறித்துவந்தால் பிள்ளையே அம்முறையைக் கண்டுகொள்ளும். நிலவையும் தானே நோக்கத் தொடங்கும். ஓதம் என்னும் பழந்தமிழ்ச் சொல்லை அப்போது சொல்லிக்கொடுத்தால் மறவாது.

டிசம்பரில் மாலை 5 மணிக்கே இங்கு கதிரவன் மறைவதேன் என்பது மற்றொரு நல்ல வினா. இந்திய நேரம் கிழக்கு 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. நம் நகரமோ ஏறத்தாழ 92¾ பாகையில் உள்ளது. பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் 41 நிமிட வேறுபாடு கிடைக்கும். உலக உருண்டை ஒன்றும் பென்சிலும் இதற்குப் போதும்.

ஆயினும் எதையும் பாடமாக்கிவிடும் ஆர்வத்தை அடக்கவேண்டும். படகைக் கண்டு களிக்கும் பிள்ளையிடம் படகைப்பற்றித் தேர்வு நடத்தினால், அடுத்த முறை அது வாய் திறவாது. சும்மா இருக்கும் நாளும் பிள்ளைக்கு வேண்டும். அதேவேளை, எட்டு வயதிலும் எழுத்துக்கூட்டத் திணறினால், சுதந்திரம் என்று சொல்லிக் காலங்கடத்தாமல் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் சோதித்தல் தகும். இன்னொன்று: தந்தை கொள்கை பேச, தாய் ஒருவரே அதன் சுமையைத் தாங்கும் வீட்டில் இம்முறை நிலைக்காது. இருவரும் முழுநேரப் பணிக்குச் செல்லும் இல்லங்களுக்கு இது பொருந்துவதும் அரிது.

தோழமைக்குத் தனிமுயற்சி தேவை. 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்குச் சுமார் 15 பேர். வங்காளமும் தெலுங்கும் பேசுவோர் அண்டைவீட்டினர், பொதுமொழி இந்தி. வீட்டில் தமிழும் தெருவில் பிறமொழியும் தடையின்றிப் பழகவிடுதல் நன்று.

சட்டநிலையையும் அறிதல் வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ளவர்க்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது அதன் 10ஆம் பிரிவு. வீட்டுக்கல்விக்கெனத் தனிப்பிரிவு அதில் இல்லை, தண்டனையும் விதிக்கப்படவில்லை. பள்ளி செல்லாதோர் 14 வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வெழுதலாம். இடையில் பிள்ளையே பள்ளி செல்ல விரும்பினால், வயதுக்கேற்ற வகுப்பில் சேரவும், விடுபட்டதைக் கற்கச் சிறப்புப் பயிற்சி பெறவும் அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு உரிமை தருகிறது.