துவக்கின் கண்ணும் கம்பிக் கண்ணியும்

கருவியொன்றைத் தெரிவு செய்தல் வெறும் தொழில்நுட்பக் காரியமெனவே பொதுவாகக் கருதப்படுகிறது. தூர இலக்குக்குரிய வேட்டைத் துவக்கில் பொருத்துவதற்கு நடுத்தர விலையில் எத்தகைய தொலைநோக்கியைத் தெரிவது என்ற வினாவும் அவ்வாறானதே. ஆயின் அதனுள் நான்கு வினாக்கள் அடங்கியுள்ளன: எவ்விலங்கை, எத்துணைத் தூரத்தில், எவ்வொளியில், எவ்வுரிமையுடன்? முதல் மூன்றையும் ஒளியியலின் துணைகொண்டு தீர்க்கலாம். நான்காவதற்குச் சமூக வரலாறே விடை தரவேண்டும். நுவரெலியா, ஹற்றன் பகுதிகளை ஆதாரமாகக் கொண்டு இவற்றை நோக்குவோம்.

நடுத்தர விலைத் தொலைநோக்கிகளுள் பெருவழக்காயுள்ளது, மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை உருப்பெருக்குவதும் 40 மி.மீ. விட்டமுடைய முன்வில்லையைக் கொண்டதுமான வகையாகும். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுப்பின் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் பெறப்படும். 4 மடங்கில் அது 10 மி.மீ.; 9 மடங்கில் ஏறத்தாழ 4.4 மி.மீ. மங்கலொளியில் மனிதக் கண்மணி 7 மி.மீ. வரை விரியக்கூடுமாதலால், அந்திவேளையில் உருப்பெருக்கம் கூடக்கூடக் காட்சி மங்கும்; பார்வைப்புலமும் ஒடுங்கும். தூரத்துக்கேற்பக் குண்டு தாழ்வதை ஈடுசெய்யத் திருகுகள் உள்ளன. பாகையின் அறுபதிலொன்றாகிய கலையில் காற்பங்கு திருகினால், குறி 100 மீற்றரில் ஏறத்தாழ 7 மி.மீ.உம் 300 மீற்றரில் 22 மி.மீ.உம் நகரும். வெடியதிர்வின் பின்னும் இத்திருகுகள் நிலைபிறழாதிருத்தல் வேண்டும். உள்ளே நைதரசன் நிரப்பி அடைக்கப்பட்டிருப்பின் வில்லையின் உட்புறத்தில் ஈரம் படியாது. எனவே அளவான பணத்துடன் தெரிவு செய்பவர், உருப்பெருக்கத்திலும் பார்க்க வில்லையின் தரத்துக்கும் திருகின் நம்பகத்துக்குமே முதன்மை அளித்தல் தகும்.

இவ்வளவுகோல்களை மலையகத்தில் வைத்துப் பார்ப்பின் முரண்பாடொன்று வெளிப்படும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மூடுபனி இறங்கிவிட்டால் எவ்வில்லையும் பயன்படாது. அடர்வனமோ பார்வையைக் குறுகிய எல்லைக்குள் அடக்கிவிடும். 1848 முதல் 1855 வரை அங்கு குடியேறியிருந்த சாமுவேல் பேக்கர் மரைகளை நாய்க்கூட்டத்தால் துரத்திக் கத்தியால் கொன்றமை தற்செயலன்று. யானைகளை அக்கால வேட்டைக்காரர் மிக அணித்தே நின்று சுட்டனர். 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து இறந்து, நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்ட மேஜர் றொஜர்ஸ் 1,400 அளவில் யானைகளைக் கொன்றாரென்பர். அத்தொகைக்குத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. ஆட்சியதிகாரமும் ஓய்வும் சுமை காவும் கூலியுழைப்புமே தேவைப்பட்டன. கோப்பித் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்ட காலமும் அதுவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

கொல்லும் உரிமையைத் தனதாக்கிய வர்க்கமே பின்னர் காக்கும் உரிமையையும் கையிலெடுத்தது. 1894இல் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. 1937இல் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. ஒருகாலத்தில் துரைமாரின் மரை வேட்டைக் களமாயிருந்த ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று. மரையையோ சிறுத்தையையோ குறிவைப்பது இன்று குற்றமாகும். ஆகவே நான்காம் வினாவுக்குச் சட்டம் தரும் விடை ஐயத்துக்கிடமற்றது.

ஆயினும் வேட்டை ஒழியவில்லை, கருவியே மாறியுள்ளது. லயன்களையடுத்த மரக்கறித் தோட்டங்களைக் காட்டுப்பன்றி கிளறியழிக்கிறது. அதற்கெனக் கட்டப்படும் கம்பிச் சுருக்கில் சிறுத்தைகளும் சிக்குகின்றன. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாள்களில் இறந்தது.

இங்கேதான் இரு கருவிகளின் வேறுபாடு தெளிவாகிறது. இலக்கை வேறுபடுத்தி அறிந்து, வேண்டாதபோது சுடாமல் விடும் வாய்ப்பைத் தொலைநோக்கி அளிக்கிறது. அவ்வாய்ப்புக்கு விலையுண்டு, ஓய்வும் உரிமையும் அதற்கு முன்நிபந்தனைகள். கம்பிக்கோ கண்ணில்லை, வந்ததைப் பிடிக்கும். தாம் பயிரிடும் துண்டு நிலத்தின்மீதும் உறுதியான உரிமையற்ற மக்களின் கையில் குருட்டுக் கருவியே எஞ்சியிருப்பதில் வியப்பில்லை. இவ்வாறு கூறுவது கம்பியை நியாயப்படுத்துவதாகாது. சிறுத்தையின் சாவு மலையகத்துக்கு இழப்பே. ஆனால் தண்டனையால் மட்டும் அதனைத் தடுக்க முயல்வது விளைவைத் திருத்திக் காரணத்தை விட்டுவிடுவதாகும். நிலவுரிமை, பயிரழிவுக்கு நட்டஈடு, உறுதியான வேலி ஆகியன கிட்டும்போதே சுருக்குக் கட்ட வேண்டிய நிலை நீங்கும். அப்போதே சிறுத்தையும் பிழைக்கும்.