முன்கணிப்பா, முன்வாசிப்பா? – எண்வழி இயந்திரக் கலைச்சொல் ஒன்றின் பொருள்

சிஎன்சி எனப்படும் கணினி எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரங்களைப் பற்றிய கையேடுகளைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் சொற்களுள் ‘லுக் அஹெட்’ ஒன்று. இதனை ‘முன்கணிப்பு’ என ஆக்கத் தோன்றுவது இயல்பு. ஆயின் முன்கணிப்பு, இன்னும் அறியப்படாததை ஊகிப்பதைச் சுட்டும். இயந்திரத்தில் நிகழ்வது ஊகமா என்பது ஆராய்தற்குரியது.

வெட்டுளி செல்லவேண்டிய பாதை வரிவரியான கட்டளைகளாக எழுதப்படுகிறது. இரு நேர்கோடுகள் செங்கோணத்தில் கூடும் மூலையில் எக்ஸ் அச்சின் இயக்கம் முடிந்து, ஒய் அச்சின் இயக்கம் தொடங்கவேண்டும். வேகம் குறையாமல் அவ்வாறு திரும்ப எல்லையற்ற முடுக்கம் தேவை. அஃது எந்த மோட்டாருக்கும் இயலாது. ஆதலின் மூலையை அடையுமுன்பே வேகம் தணியவேண்டும்.

நிமிடத்திற்கு 6000 மி.மீ., அதாவது நொடிக்கு 100 மி.மீ. வேகத்தில் வெட்டுளி செல்வதாகவும், அவ்வேகம் ஒவ்வொரு நொடியிலும் 1000 மி.மீ. வீதம் குறையக்கூடும் எனவும் கொள்வோம். அது நிற்க 5 மி.மீ. தொலைவு வேண்டும். வளைபரப்புகளில் ஒரு வரி 0.5 மி.மீ. நீளமே உடையதாயின், நிற்கவேண்டிய இடத்திற்குப் 10 வரிகளுக்கு முன்பே தணிப்பு தொடங்கவேண்டும். அடுத்துள்ள ஒரு வரியை மட்டும் அறிந்த மென்பொருள், அவ்வரிக்குள் நிற்கத்தக்க வேகத்தை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 32 மி.மீ. என்பதை, மீற இயலாது.

எனவே மென்பொருள் பல வரிகளை நினைவகத்தில் வரிசையாகச் சேர்த்துவைக்கிறது. கிர்பிள் என்னும் திறந்தமூல மென்பொருளில், வரிசையின் இறுதியில் இயந்திரம் நிற்பதாகக் கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சந்திப்பிற்கும் உரிய உச்சவேகம் கணக்கிடப்படுகிறது. பின்னர் முன்னோக்கிச் சென்று, முடுக்கத்தால் எட்டக்கூடிய அளவுக்கு அது திருத்தப்படுகிறது. புதிய வரி சேருந்தோறும் கணக்கு புதுப்பிக்கப்படுகிறது.

இங்கு ஊகம் இல்லை. எழுதப்பட்டிருப்பது முன்கூட்டியே படிக்கப்படுகிறது. தமிழுரையை ஆங்கிலத்தில் உடனுக்குடன் பெயர்க்கும் உரைபெயர்ப்பாளர், இறுதியில் வரும் வினைமுற்றைச் சில வேளை ஊகிக்கிறார், அது முன்கணிப்பு. எழுத்துப் பெயர்ப்பாளரோ முற்றுவரை படித்தபின் தொடங்குகிறார். மென்பொருள் இவரையே ஒத்தது.

இவ்வேறுபாடு பயன்பாட்டிலும் விளைவுடையது. வரிகள் தாமதமாக வந்து வரிசை வறண்டால் இயந்திரம் தயங்கித் தயங்கி ஓடும். ‘முன்கணிப்பு’ எனப் படித்த தொழிலாளர், ஊகம் பிழைத்ததென மென்பொருளை ஐயுறக்கூடும். ‘முன்வாசிப்பு’ எனப் படித்தவரோ, வாசிக்க வரிகள் வந்து சேர்ந்தனவா என நோக்குவார். ஆதலின் ‘முன்வாசிப்பு’ என்பதே ஏற்புடைய ஆக்கமாகும்.