கெரானில் 1.3, பானட்டுக்குள் 1.8

1990களின் இறுதியில் வந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐக்கு மலேசிய இளைஞர்களிடம் இன்றும் தனி மவுசு உண்டு. 1,834 சிசி மிட்சுபிஷி எஞ்சின், ரெக்காரோ இருக்கைகள், லோட்டஸ் நிறுவனம் செதுக்கிக் கொடுத்த ஓட்டம். அசல் ஜிடிஐ கிடைப்பது அரிது என்பதால், சாதாரண 1.3 சத்ரியாவுக்கு ஜிடிஐ பம்பர் மாட்டி, ஜப்பானிலிருந்து ஹாஃப்-கட்டாக (வெட்டிய பாதிக் காராக) வந்த 1.8 எஞ்சினை இறக்கி, 'ஜிடிஐ' என்றே விற்பவர்களும் இருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்தால் பலருக்கு வேறுபாடு தெரியாது. பதிவுப் பத்திரமான கெரானைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரிங்லெட் போன்ற மலையூரில் பெரிய எஞ்சின்மீதான இந்த ஆசைக்குக் காரணம் உண்டு. தாப்பாவிலிருந்து மேலேறும் 59ஆம் எண் சாலை முழுக்க வளைவும் ஏற்றமும்தான். கஞ்சில் போன்ற பழைய சின்னக் காரில் நாலு பேர் ஏறினால் மூச்சு வாங்கும். 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்திலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் வளர்ந்து, ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ வேலைக்குப் போகும் பிள்ளைகள் சேமித்த பணத்தில் வாங்கும் முதல் பெரிய பொருள் பெரும்பாலும் காராகத்தான் இருக்கும். கஞ்சிலுக்கு டர்போ எஞ்சின், மைவிக்கு டைஹாட்சுவின் கே3-விஇடி, வீராவுக்கு எவோ முகம் என்று மாற்றிக்கொள்வதில் குறை காண ஒன்றுமில்லை. அதே காரை விற்கப் போகும் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மாற்றத்துக்குப் போட்ட பணம் அப்படியே திரும்பி வராது. கார் வணிகர் மாடல், ஆண்டு, ஓடிய தூரம் ஆகியவற்றை வைத்தே விலை சொல்வார். காயில்ஓவர் சஸ்பென்ஷனும் பெரிய எக்ஸாஸ்டும் அவருக்குக் கூடுதல் மதிப்பல்ல. வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு. இந்தக் கார் எத்தனை முறை உச்ச வேகத்தில் விரட்டப்பட்டதோ என்ற சந்தேகமும் விலையை இறக்கும். ஹோண்டா சிவிக் டைப் ஆர் எஃப்டி2 போன்ற, நிறுவனமே வேகத்துக்கென்று தயாரித்த கார்களைத் தேடி வாங்குவோர் முதலில் கேட்பது, 'எதையும் மாற்றவில்லையே?' என்பதைத்தான். 'த ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்' படத்தில் பால் வாக்கர் ஓட்டிய ஆரஞ்சு டொயோட்டா சுப்ரா 2021இல் 5,50,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே விலை கிடைத்தது படத்துக்கு, டர்போவுக்கல்ல. கழற்றிய அசல் பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்து, விற்கும்போது அவற்றைத் திரும்பப் பொருத்திவிட்டு, மாற்றுப் பாகங்களைத் தனியே விற்பவருக்கே நஷ்டம் குறைவு.

விலை குறைவதையாவது தாங்கிக்கொள்ளலாம். விற்கவே முடியாத நிலையும் இருக்கிறது.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959ஆம் ஆண்டு வாகனக் கட்டுமான விதிகளும் காரை இஷ்டம்போல் மாற்ற இடம் தருவதில்லை. எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். அந்த எஞ்சின் எங்கே வாங்கியது என்பதற்கான ரசீதும் சுங்கப் பத்திரமும் கேட்கப்படும். காரின் நிறத்தை மாற்றினாலும் பதிவைத் திருத்த வேண்டும். பலர் இதைத் தட்டிக்கழிப்பதற்கு ரோட் டாக்ஸும் ஒரு காரணம். தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரிலுள்ள 1.3 காருக்கு ஆண்டுக்கு 70 ரிங்கிட். 1,834 சிசிக்கு 297 ரிங்கிட். வருடம் 227 ரிங்கிட் மிச்சம் பிடிக்கப்போய், சட்டப்படி கைமாற்ற முடியாத கார் வீட்டு வாசலில் நிற்கிறது.

ஏனென்றால், பெயர் மாற்றத்துக்கு முன் பரிசோதனை உண்டு. நெடுங்காலம் புஸ்பாகோம் நிறுவனம் மட்டுமே செய்துவந்த வேலை அது. 2024 செப்டம்பரிலிருந்து மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. அங்கே எஞ்சின் எண்ணையும் சேஸி எண்ணையும் கெரானோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் பெயர் மாறாது.

அப்போதுதான் சிலர், "பேர் மாத்துறத அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, பணத்தக் குடுத்துட்டு வண்டிய எடுத்துக்க" என்பார்கள். இதில் இருவருக்குமே ஆபத்து. கை மாறிய ஏழு நாளுக்குள் ஜேபிஜேக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெரிவிக்காவிட்டால் வாங்கியவரின் சம்மன்கள் விற்றவர் பெயருக்கே வரும். வாங்கியவரோ, பணம் கொடுத்தும் உரிமையாளர் ஆகாமல் நிற்பார். வங்கிக் கடன் முடியாத காரை 'சம்போங் பாயார்' முறையில் எடுப்பது இதைவிட மோசம். மாதத் தவணையை ஒருவர் கட்ட, கடன் இன்னொருவர் பெயரில் இருக்கும், கார் வங்கியுடையது. தவணை தவறினால் வங்கி காரை இழுத்துக்கொள்ளும். கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்க வழியிருக்காது.

காப்புறுதியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி, பாலிசி எடுக்கும்போது நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குக் கவனத்தோடு உண்மையான பதில் சொல்வது பயனீட்டாளரின் கடமை. 1.3 என்று சொல்லி 1.8 ஓட்டினால், விபத்தில் சொந்தக் கார் சேதத்துக்கான கோரிக்கை நிராகரிக்கப்படலாம். அடிபட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைக் கார் உரிமையாளரிடமே வசூலிக்கவும் முடியும். தோட்டத்து வருமானத்தில் வாழும் குடும்பத்தை இது அடியோடு சாய்த்துவிடும். காரை மாற்றியவர், பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை என்று எழுத்தில் அறிவித்துவிடுவதே நல்லது. நிராகரிப்பு நியாயமற்றது என்று தோன்றினால், 2025 முதல் இயங்கும் நிதிச் சந்தைகள் ஒம்புட்ஸ்மன் சேவையிடம் புகார் செய்யலாம்.

ஏமாந்தவருக்கு வழி இல்லாமல் இல்லை. விற்றவர் கார் வணிகர் என்றால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும், விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும் என்பவை சட்டமே தரும் உத்தரவாதங்கள். 'ஜிடிஐ' என்று சொல்லி 1.3ஐ விற்றால் முதலாவது மீறப்படுகிறது. பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை. இணையம் வழியாகவும் பதியலாம் என்பதால், பதிவதற்கென்று ரிங்லெட்டிலிருந்து குவாந்தான் வரை அலைய வேண்டியதில்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்தால் போதும், பேச ஆதாரம் இருக்கும்.

விற்றவர் தனிநபர் என்றால் இந்த மன்றத்துக்குப் போக முடியாது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, பொய் சொல்லிச் செய்த ஒப்பந்தத்தை ரத்துசெய்யக் கோரி சிவில் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். செலவும் காலமும் கூடும். ஆகவே தனிநபரிடம் வாங்குவோர் எஞ்சின் எண், சேஸி எண், செய்த மாற்றங்கள், ஜேபிஜே ஒப்புதல் உண்டா இல்லையா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, பரிசோதனை முடிந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். வாங்கிய பின் சேஸி எண் வெட்டி ஒட்டப்பட்டிருப்பது தெரிந்தால், அது திருட்டுக் காரின் குளோனாக இருக்கலாம். எந்தப் பட்டறைப் போமனிடமும் கொண்டுபோய்ச் சரிசெய்யக் கூடாது, வேறொருவருக்குத் தள்ளிவிடவும் கூடாது. அன்றே காவல் நிலையத்தில் புகார் பதிய வேண்டும்.