நாடாவும் தட்டும்

செஞ்சி என்றவுடன் நம் நினைவிற்கு வருவது கல். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகளை வளைத்துச் செல்லும் மதிலும், அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கல்யாண மகாலும், நெற்களஞ்சியமும் பல நூற்றாண்டுகளின் வெயிலையும் மழையையும் தாங்கி இன்றும் நிற்கின்றன. 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சிக் கோட்டை ஒன்றே. கல்லைக் காக்கத் தொல்லியல் துறை உண்டு, சட்டம் உண்டு, இப்பொழுது உலகத்தின் பார்வையும் உண்டு.

ஆனால் செஞ்சியின் செல்வம் கல்லோடு முடிந்துவிடவில்லை. இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் திரௌபதை அம்மனுக்கு விழா எடுக்கும்பொழுது, பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். இறுதியில் படுகளமும் தீமிதியும் நிகழும். அமெரிக்க நாட்டின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக விளங்கிய ஆல்ஃப் ஹில்டபைட்டல் இவ்விழாக்களை நேரில் கண்டு ஆராய்ந்து, 1988-ஆம் ஆண்டிலும் 1991-ஆம் ஆண்டிலும் இரு பெருந்தொகுதிகளாக நூல் வெளியிட்டார். முதல் தொகுதியின் பெயரிலேயே செஞ்சி இடம்பெற்றிருக்கிறது. நூலோடு அவர் நிற்கவில்லை. ‘செஞ்சியின் தேவி’ என்று பொருள்படும் தலைப்பில் இவ்விழாக்களைப் பற்றிய வீடியோப் படம் ஒன்றையும் இரு பகுதிகளாக 1988-இல் வெளியிட்டார். நம் ஊர்க் கூத்து காந்த நாடாவில் ஏறிக் கடல் கடந்து சென்றது.

அதே காலத்தில் நாமும் நாடாக்களைப் பதிவு செய்துகொண்டுதான் இருந்தோம். திருமணத்திற்கு வந்த வீடியோக்காரரே திருவிழாவிற்கும் வந்தார். பள்ளி ஆண்டு விழாவிற்கும் வந்தார். ‘டெக்’ என்று நாம் அழைத்த கருவியை வாடகைக்குக் கொண்டுவந்து, தெருவே கூடியிருந்து பார்த்தது. பின்னர் அந்தக் காசெட்டுகள் பரண்மேல் ஏறின. பெரும்பாலானவை இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை இறக்கி ஒளித்தட்டில் ஏற்றுவது எவ்வாறு, அதனை ஏன் தாமதமின்றிச் செய்ய வேண்டும் என்பனவே இன்று நான் கூற விரும்புவன.

முதலில் நாடாவின் அமைப்பை அறிந்துகொள்வோம். நம் வீடுகளில் பரவிய வி.எச்.எஸ். முறையை ஜப்பானிய நிறுவனமாகிய ஜே.வி.சி. 1976-ஆம் ஆண்டில் வெளியிட்டது. காசெட்டின் உள்ளே இருப்பது அரை அங்குல அகலமுள்ள மெல்லிய பாலியெஸ்டர் நாடா. அதன்மேல் இரும்பு ஆக்ஸைடின் நுண்துகள்கள் ஒருவகைப் பசையோடு கலந்து பூசப்பட்டுள்ளன. பதிவின்போது இத்துகள்கள் காந்தமேறுகின்றன. அக்காந்த நிலையின் ஏற்ற இறக்கங்களே பின்னர் படமாகவும் ஒலியாகவும் நமக்குத் திரும்பக் கிடைக்கின்றன.

நாடா நொடிக்கு இரண்டரைச் சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நகர்கிறது. இத்தனை மெதுவாகச் செல்லும் நாடாவில் படத்தின் நுணுக்கங்களை நேராக எழுதிவிட இயலாது. ஆகவே பொறியியல் வல்லுநர்கள் ஓர் உபாயம் கண்டனர். சற்றுச் சாய்ந்து நிற்கும் உருளை ஒன்று நம் நாட்டு முறையில் நொடிக்கு 25 முறை சுழல்கிறது. அதில் பதித்த இரு காந்த முனைகள் நாடாவின் குறுக்கே சாய்ந்த கோடுகளாகப் படத்தை எழுதிச் செல்கின்றன. ஒரு கோட்டின் அகலம் ஏறத்தாழ மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒலியோ, சாதாரணக் கருவிகளில், நாடாவின் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் தனியே பதியப்படுகிறது. ஆதலால் விளிம்பு கசங்கினால் படம் தெளிவாக இருக்கும்பொழுதே குரல் கெட்டுவிடக்கூடும்.

இந்நாடாவிற்குப் பகைகள் இரண்டு. ஒன்று ஈரம். துகள்களைப் பிடித்து நிறுத்தும் பசை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் இளகி ஒட்டத் தொடங்கும். அல்லது துகள்களோடு உதிரும். மழைக்காலத்தில் மூடிக் கிடக்கும் பெட்டியில் வெண்மையான பூஞ்சையும் படரும். மற்றொன்று வெப்பம். ஓட்டு வீட்டுப் பரணும், தகரப் பெட்டியும், கோடைகாலத்துச் செஞ்சிக் குன்றுகளின் அனலும் சேர்ந்தால் நாடா சுருங்கி நெளியாமல் என்ன செய்யும்?

நாடா நன்றாகவே இருந்தாலும் அதனை ஓட்டிக் காட்டும் யந்திரம் வேண்டுமே! ஓலைச்சுவடியைப் படிக்கக் கண்ணும் பயிற்சியும் போதும். நாடாவையோ வெறுங்கண்ணால் பார்த்தால் கரிய பட்டையன்றி ஒன்றும் தெரியாது. வி.எச்.எஸ். கருவியைத் தொடர்ந்து செய்துவந்த ஜப்பானிய நிறுவனமாகிய ஃபூனாய், 2016-ஆம் ஆண்டு ஜூலையோடு அவ்வுற்பத்தியை நிறுத்தியது. இன்று கிடைப்பவை பழைய கருவிகளே. அவை தேயத் தேய, மாற்று உறுப்புகளும் அரிதாகின்றன. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் முதுமை எய்துகின்றனர். காந்த நாடாக்களை இயக்கிப் பிரதி எடுக்கும் வசதி 2025-ஆம் ஆண்டை ஒட்டி அருகிவிடும் என்று, யுனெஸ்கோவின் ஆதரவில் நடைபெற்ற முயற்சி ஒன்றின் வழியே வல்லுநர்கள் 2019-ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் எச்சரித்தனர். அந்தக் கெடு வந்துவிட்டது.

பிரதி எடுக்கத் தவறினால் நேரும் இழப்பிற்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. தமிழின் முதல் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ 1931-இல் வெளிவந்தது. அதன் பிரதி ஒன்றேனும் இன்று எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. செல்வமும் அறிவும் மிகுந்த நிறுவனங்களும் இவ்விபத்திற்கு விலக்கல்ல. 1969-ஆம் ஆண்டில் மனிதன் சந்திரனில் கால் வைத்த காட்சியை முதன்முதலில் பதிவு செய்த தொலையளவு நாடாக்களை அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா பல்லாண்டு தேடியது. நாடாத் தட்டுப்பாட்டால் அவை துடைக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் அது தெரிவித்தது. அக்காட்சி உலகிற்கு மிஞ்சியது, ஒளிபரப்பின்போது வேறு இடங்களில் எடுக்கப்பட்ட பிரதிகளால்தான். மூலம் போயிற்று, பிரதி காத்தது.

நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். ஓலை செல்லரிக்கும் என்பது தெரிந்தமையால் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினர். செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் விளங்கும் ஊர். சமண சமயத்தார் போற்றும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானம் ஒன்று. நூலைப் படியெடுத்துப் பிறர்க்கு வழங்குவதும் அதனுள் அடங்கும். படியெடுத்தலைப் புண்ணியமாகவே கருதிய மரபு அது. 1887-இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட முடிந்ததென்றால், பெயர் தெரியாத எத்தனையோ பேர் அதனைத் தலைமுறைதோறும் எழுதி வைத்தமையே காரணம்.

மாணவ நண்பர்களே, இனிச் செய்முறைக்கு வருவோம். இதற்கு வேண்டியவை நன்றாக ஓடும் டெக் ஒன்றும், வீட்டில் பயன்படுத்தும் டி.வி.டி. பதிவுக் கருவி ஒன்றும். பதிவுக் கருவிகளும் இப்பொழுது கடைகளில் அரிதாகிவிட்டன. அது கிடைக்காவிடில், டெக்கையும் கணிப்பொறியையும் இணைக்கும் சிறிய கருவி ஒன்று அவ்வேலையைச் செய்யும். இரண்டிற்கும் விதிகள் பெரும்பாலும் ஒன்றே.

முதலாவதாக, காசெட்டின் முதுகுப் புறத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். பின்பு எவர் தவறான விசையை அழுத்தினாலும் அதன்மேல் வேறொன்றும் பதியாது. இரண்டாவதாக, சிறு சாளரத்தின் வழியே நாடாவைக் கூர்ந்து பாருங்கள். வெண்பூஞ்சை தென்பட்டால் அதனைக் கருவியில் இடவே கூடாது. கருவியின் முனை கெடுவதோடு, அடுத்து இடும் நல்ல நாடாவிற்கும் பூஞ்சை தொற்றும். அத்தகையவற்றைத் தனியே வைத்துத் தெரிந்தவரிடம் கொடுத்துத் தூய்மை செய்ய வேண்டும். மூன்றாவதாக, பல ஆண்டுகள் கிடந்த நாடாவை ஒருமுறை இறுதிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். இறுக்கம் தளர்ந்து சீராக ஓடும். அதன்பின் மஞ்சள் கம்பியைப் படத்திற்கும், வெள்ளையையும் சிவப்பையும் ஒலிக்கும் இணைத்துப் பதிவைத் தொடங்கலாம்.

இங்கே அவசரத்திற்கு இடமில்லை. மூன்று மணி நேர நாடாவைப் பிரதி செய்ய மூன்று மணி நேரம் ஆகும். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள சாதாரண டி.வி.டி. தட்டு 470 கோடி பைட் அளவுள்ள செய்தியைக் கொள்ளும். தரத்தைக் குறைத்தால் அத்தட்டிலேயே ஆறு மணி நேரத்தையும் அடைத்துவிடலாம். அந்தச் சிக்கனம் வேண்டா. ஒரு தட்டிற்கு ஒரு மணி அல்லது இரண்டு மணி என்னும் அளவிலேயே பதியுங்கள். பதிவு முடிந்ததும் கருவியில் உள்ள ‘ஃபைனலைஸ்’ என்னும் நிறைவுச் செயலைச் செய்ய மறவாதீர்கள். அதனைச் செய்யாத தட்டு, பதிந்த கருவியில் ஓடினாலும் பிற கருவிகளில் ஓடாமற் போகலாம். நாம் எடுத்த படங்களுக்கே இவையெல்லாம் பொருந்தும். விலைக்கு விற்ற திரைப்பட நாடாக்களைப் பிரதி செய்வது உரிமை உடையவரின் சொத்தில் கைவைப்பதாகும்.

இம்முறைப்படி எங்கள் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மூன்று காசெட்டுகளை நான் தட்டில் ஏற்றினேன். 1990-களில் நடைபெற்ற கர்ண மோட்சக் கூத்து அவற்றில் இருந்தது. முதல் நாடா குறையின்றி ஓடியது. இரண்டாவதன் விளிம்பு கசங்கியிருந்தது. படத்தில் முகவீணைக்காரர் கன்னம் உப்ப ஊதுகிறார். ஒலியோ வருவதும் போவதுமாக இருந்தது. வேறொரு டெக்கை இரவல் வாங்கி இட்டபொழுது பெரும்பகுதி கேட்டது. மூன்றாவது நாடாவில் கர்ணன் தேர்க்காலின் அருகே விழும் இடத்தில் திடீரென்று கிரிக்கெட் ஆட்டம் தொடங்கியது. வீட்டார் யாரோ என்றோ பதிந்திருக்கின்றனர். சிறு பிளாஸ்டிக் நாக்கு உடைக்கப்படாமலே இருந்தது. அக்காட்சியை இனி எவராலும் மீட்க முடியாது. அந்த முகவீணைக்காரர் இன்று இல்லை. அவருடைய பேரன் கிடைத்த அளவிற்குத் தட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டு, அந்த மெட்டுகளைப் பயின்று வருகிறான். முகவீணை ஊதுவோர் அருகிவரும் இந்நாளில் அவனுக்கு அத்தட்டே ஆசான்.

தட்டில் ஏற்றியவுடன் கடமை முடிந்ததென்று எண்ணிவிடலாமா? ஓலையைப் பெயர்த்து எழுதுகையில் எழுத்துப் பிழை நுழையும்; அதனால் பாடபேதம் தோன்றும். நாடாவிலிருந்து நாடாவிற்குப் பிரதி செய்தால் ஒவ்வொரு முறையும் படம் மங்கும். எண் வடிவில் ஏறிய பதிவிற்கு இக்குறை இல்லை. முறையாகப் படியெடுத்தால் நூறாவது படியும் முதற்படியைப் போன்றே இருக்கும். ஆயினும் தட்டு சிரஞ்சீவி அன்று. பதிவுத் தட்டில் செய்தியைத் தாங்குவது ஒருவகைச் சாயம். அது வெயிலாலும் வெப்பத்தாலும் கெடும். புதிய கணிப்பொறிகள் பலவற்றில் தட்டைச் செருகும் இடமே இல்லை. ஆகவே தட்டோடு கணிப்பொறியின் வன்தட்டிலும் ஒரு படி வையுங்கள். மற்றொன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்துப் புதிய சாதனத்திற்கு மாற்றுங்கள். மூல நாடாவையும் எறிந்துவிடாதீர்கள். நாளை இதனினும் சிறந்த கருவி ஒருவர் கைக்குக் கிட்டலாம்.

இறுதியாக, யந்திரத்தால் செய்ய இயலாத வேலை ஒன்று உண்டு. எந்த ஊர், எந்த ஆண்டு, வேடம் கட்டியவர் யார், பின்பாட்டுப் பாடியவர் யார் என்பவற்றை நாடா தானே சொல்லாது. ஹில்டபைட்டல் வெளியிட்ட நாடாவிற்குத் தலைப்பும் ஆண்டும் நூலகப் பதிவும் உள்ளன. நம் பரணில் உள்ளவற்றில் பலவற்றிற்கு ஒட்டிய சீட்டும் உதிர்ந்துவிட்டது. அந்த முகங்களை அடையாளம் காட்டக்கூடிய பாட்டனாரும் பாட்டியாரும் இன்று உங்கள் இல்லத்தில் இருக்கின்றனர். டெக் கிடைக்கும்வரை காத்திராமல், இந்த விடுமுறையிலேயே பெட்டியை இறக்கித் துடைத்து, அவர்கள் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு காசெட்டையும் எடுத்துக் காட்டிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, காசெட்டின்மேல் எண்ணிட்டு வையுங்கள். அதற்கு மின்சாரமும் வேண்டா, யந்திரமும் வேண்டா. ஒரு பேனா போதும்.