பாக்கெட் தொட்டியில் ஸ்ட்ராபெர்ரி வேண்டாம்... சேலம் வெயிலுக்கு எது தாங்கும்?

பக்கவாட்டில் சின்னச் சின்ன பாக்கெட்டுகள் வைத்த தொட்டியும் க்ரோபேக்கும் வாங்குகிறவர்கள், முதலில் தேடுவது ஸ்ட்ராபெர்ரி நாற்றைத்தான். தொட்டியே அதற்காக வந்ததுதான். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குச் சரி. ஏப்ரலில் 40 டிகிரி வரை போகும் சேலம், நாமக்கல் மொட்டை மாடியில் அது வீண் செலவு.

இந்தத் தொட்டியில் பெரிய சிக்கல் தண்ணீர். மேலே ஊற்றினால் மேல் பாக்கெட் வழியாகவே வழிந்துவிடும். அடியில் இருக்கும் செடி வாடும். மண் நிரப்பும்போதே துளை போட்ட பிவிசி குழாய் ஒன்றை நடுவில் நிறுத்தி, அதில் ஊற்றுங்கள்.

அப்போதும் மேல் பாக்கெட்தான் முதலில் காயும். அங்கே கற்பூரவல்லி வைக்கலாம். ஈரம் தங்கும் அடிப் பாக்கெட்டுக்குப் புதினா, பொன்னாங்கண்ணி. சமையலுக்கு வாங்கிய கட்டிலேயே தடித்த தண்டுகளை எடுத்து நடலாம், நாற்றுக்குக் காசு மிச்சம்! மேற்கு வெயில் விழும் பக்கத்துக்கு டேபிள் ரோஸ் மட்டும். உச்சியில் ஒரே ஒரு மிளகாய்ச் செடி போதும். தக்காளி வைத்தால் கீழே இருப்பவற்றுக்குத் தண்ணீர் மிஞ்சாது.

நாமக்கல் பக்கம் கோழி எருவுக்குப் பஞ்சமில்லை. ஆனால், பச்சையாகப் போட்டால் வேர் கருகும். நன்றாக மக்கிய பிறகே மண், தென்னை நார்க்கழிவோடு கலக்க வேண்டும்.