எந்த ஈஸ்ட்?

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர்கள் அறிந்த உண்மை ஒன்று உண்டு. வெவ்வேறு லாட் நூலில் பின்னிய இரு துணிகள் சாயமேற்றும் முன் ஒன்றுபோலவே தோன்றலாம். சாயம் ஏறிய பிறகே வேறுபாடு புலப்படும். மருத்துவமனைக் கிருமிகள் சிலவற்றின் கதையும் இதுவே.

'கேண்டிடா' என்பது ஈஸ்ட் வகைப் பூஞ்சை. நம் வாயிலும் குடலிலும் பெரும்பாலும் தீங்கின்றி வாழ்கிறது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் இருப்பவர், சிரையில் குழாய் செருகப்பட்டவர், குறைமாதக் குழந்தை ஆகியோரின் இரத்தத்தில் அது புகுந்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலை மட்டும் வைத்துப் பார்த்தால் பாக்டீரியா நோய் என்றே எண்ணத் தோன்றும்.

எப்படிக் கண்டறிவது? நோயாளியின் இரத்தத்தை ஊட்டக் குப்பியில் இட்டு வளர்ப்பார்கள். சில நாட்கள் ஆகலாம். ஏறக்குறைய பாதி நோயாளிகளிடம் கிருமி அகப்படாமலும் போகும். வளர்ந்தால், நுண்ணோக்கியில் அரும்புவிட்ட முட்டை வடிவச் செல்கள் தெரியும். ஈஸ்ட் என்பது உறுதி. ஆனால் எந்த ஈஸ்ட்?

இங்கும் நிறமே துணை! நிறம் தரும் பொருள்கள் கலந்த ஊட்டக்கூழில் வளர்த்தால் 'அல்பிகன்ஸ்' இனம் பச்சையாகவும், 'டிராபிகாலிஸ்' நீலமாகவும் காணப்படும். ஒவ்வோர் இனத்தின் நொதியும் வெவ்வேறு பொருளைச் சிதைப்பதே காரணம்.

இனத்தை அறிவதால் என்ன பயன்? 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து 'கேண்டிடா ஆரிஸ்' என்னும் புதிய இனம் விவரிக்கப்பட்டது. ஃபுளூகோனசோல் என்னும் வழக்கமான மருந்துக்கு அது பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. ஆய்வகக் கருவிகள் பல அதனை வேறோர் இனமாகத் தவறாகக் காட்டின. 2011-12இல் இந்தியாவின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வில், 19 பிரிவுகளில் அது இருந்தது தெரியவந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் அதனை மிக அவசரக் கவனம் தேவைப்படும் பூஞ்சைகளுள் சேர்த்தது. இன்று லேசர் ஒளியால் புரதங்களின் நிறையை அளக்கும் கருவி, வளர்ந்த கிருமியின் இனத்தைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது. இனம் தெரிந்தால்தான் ஏற்ற மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுக்க முடியும்.

ஆரிஸ் கட்டிலின் கம்பியிலும் கருவிகளிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும், கைகளால் பரவும். ஆகவே, உறவினரைக் காண மருத்துவமனைக்குச் செல்லும்போது, நுழையும் முன்னும் வெளிவந்த பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஆய்வகத்தின் விடை வர நாட்கள் ஆகலாம். கை கழுவ அரை நிமிடம் போதுமல்லவா?