முறிந்த எலும்பும் லேசர் ஒளியும்

தோலில் ஏற்பட்ட ஆழமான காயம் ஆறிய பின்னும் தழும்பு எஞ்சி நிற்கும். எலும்போ, முறிந்த இடத்தில் மீண்டும் எலும்பாகவே வளர்ந்து பழைய வலிமையைப் பெறவல்லது. எனினும், அதற்குக் காலம் வேண்டும். முன்கை எலும்பு கூடப் பல வாரங்களும், கணுக்காலுக்கு மேலுள்ள கால்முள் எலும்பு கூடப் பல மாதங்களும் ஆகலாம். முதியோர்க்கும் நீரிழிவு நோயாளர்க்கும் புகைபிடிப்போர்க்கும் இக்காலம் மேலும் நீளும். அசைவின்றிக் கிடக்கும் நாள்களில் தசை மெலியும். உழைத்து உண்போரின் வருவாயும் தடைபடும். இக்காலத்தைக் குறைக்க மருத்துவ உலகம் ஆராய்ந்துவரும் வழிகளுள் ஒன்றே குறைதிறன் லேசர் சிகிச்சை.

எலும்பு கூடும் முறை

எலும்பு முறிந்தவுடன் அவ்விடத்தில் குருதி கசிந்து உறைகிறது. அடுத்து, புதிய குருதி நுண்குழாய்கள் தோன்ற, முறிந்த முனைகளைக் குருத்தெலும்பு மென்மையாக இணைக்கிறது. எலும்பாக்கச் செல்கள் அதில் கால்சியம், பாஸ்பேட் உப்புகளைப் படியச் செய்து இறுகவைக்கின்றன. இறுதியில், எலும்புச் சிதைப்புச் செல்கள் மிகையாக வளர்ந்த பகுதியைக் கரைத்து, எலும்பைப் பழைய வடிவிற்குக் கொண்டுவருகின்றன. இப்பணிகளுக்கு வேண்டிய ஆற்றலைச் செல்லுக்குள் உருவாக்கித் தருவது மைட்டோகாண்ட்ரியா.

ஒளியின் பங்கு

1960இல் அமெரிக்க அறிவியலாளர் தியோடர் மெய்மன் முதல் லேசர் கருவியை இயக்கிக் காட்டினார். 1967இல் ஹங்கேரி நாட்டு மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழிக்கப்பட்ட சுண்டெலிகளின்மீது திறன் குறைந்த லேசர் ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தார். ஒளிபட்ட எலிகளுக்கு மற்றவற்றைவிட விரைவாக மயிர் முளைத்தது. இதிலிருந்தே இத்துறை வளர்ந்தது. 1987இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ட்ரெல்லஸ், மயாயோ ஆகியோர், எலிகளின் கால் எலும்பு முறிவு இவ்வொளியால் விரைந்து கூடியதாக வெளியிட்டனர்.

அறுவைக்குப் பயன்படும் லேசர் வெப்பத்தால் திசுவை வெட்டுகிறது. சிகிச்சை லேசரின் திறன் பொதுவாக 500 மில்லிவாட்டிற்கு மிகாது, திசுவைச் சுடாது. ஏறத்தாழ 600 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுடைய சிவப்பு, அகச்சிவப்பு ஒளியே பயன்படுகிறது. மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி இவ்வொளியை உட்கவர்வதால், ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு மிகுதியாக உருவாகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்டுள்ள விளக்கம்.

அளவே மருந்து

ஒளி குறைந்தால் பயனில்லை. மிகுந்தால் செல்லின் செயல்பாடு தடைபடும். தோலும் தசையும் ஒளியைச் சிதறடிப்பதால், தொடை எலும்பு போன்று ஆழத்தில் உள்ளவற்றை அது போதிய அளவில் சென்றடைவது கடினம். எலியின் மெல்லிய காலில் கண்ட பயனை மனிதரிடம் அப்படியே எதிர்பார்க்க இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம். மனிதரிடம் நிகழ்ந்த ஆய்வுகள் குறைவு. அவற்றின் முடிவுகளும் ஒருபடித்தானவை அல்ல. ஆகவே, எலும்பைச் சரியான நிலையில் பொருத்தி, மாவுக்கட்டாலோ உலோகத் தகட்டாலோ அசையாமல் நிறுத்துவதே இன்றும் முதன்மைச் சிகிச்சை. லேசர் ஒளி கண்ணின் விழித்திரையைச் சிதைக்கக்கூடும் என்பதால், பயிற்சி பெற்றோர் மேற்பார்வையில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே இதனைப் பெறவேண்டும்.

எலும்பைக் கூட்டுவன உடலின் செல்களே. அவற்றிற்குத் துணைநிற்பது மட்டுமே ஒளியின் பணி. அத்துணை எவருக்கு, எவ்வளவு, எப்போது பயன்தரும் என்பதை உறுதிசெய்வதே இனி வரும் ஆய்வாளர்களின் கடமையாகும்.